தம் கதையைத் தாமே எழுதியவர்கள்



சிங்கப்பூருக்குப் போய்வந்த உறவினர் யாராவது உங்கள் லயத்தில் இருந்தால், டோபி காட் என்ற பெயரை அவர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். மூன்று ரயில் தடங்கள் கூடும் பெரிய நிலையம் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே ஓர் ஓடை ஓடிற்று. இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர்கள் அதன் நீரில் துணி வெளுத்து, பக்கத்துப் புல்வெளியில் உலர்த்தினார்கள். நம்மவர்கள் அவ்விடத்தை வண்ணான் தெரு என்று வழங்கினார்கள். ஓடை பின்னர் கால்வாயாகிவிட்டது. பெயர் மட்டும் நிலைத்திருக்கிறது. ஆனால் அந்த நீரில் நின்றவர்கள் தங்கள் பாட்டைத் தாங்களே எழுதிவைத்த நூல் எதுவும் நம் கைக்கு வந்து சேரவில்லை. பெயர் மிஞ்சுவது வேறு, கதை மிஞ்சுவது வேறு அல்லவா?

சலவைக்காரர்கள் வருவதற்கு முன்பும் அந்தத் தீவில் மக்கள் இருந்தார்கள். நாம் படித்த பாடநூலில் சிங்கப்பூரின் கதை 1819-இல் ராஃபிள்ஸ் கரையிறங்கியதோடு தொடங்கிற்று. அன்று அங்கே ஏறத்தாழ ஆயிரம் பேர் வாழ்ந்தார்கள். அவர்களில் பாதிப்பேர் கல்லாங் ஆற்றில் படகையே வீடாகக் கொண்ட ஓராங் கல்லாங் என்னும் கடல்குடி மக்கள். 1824-இல் அவர்கள் ஜொகூரின் பூலாய் ஆற்றுக்கு அகற்றப்பட்டார்கள். 1847-இல் பெரியம்மை நோய் கண்டு, நூறு குடும்பங்களில் எட்டே குடும்பங்கள் மிஞ்சின. இந்தத் துயரத்தை நமக்குச் சொல்பவை பிறர் எழுதிய ஏடுகளே.

வடகரையில் வாழ்ந்த ஓராங் செலெத்தார் என்ற இன்னொரு கடல்குடி மக்களைப் பற்றி, சிங்கப்பூரின் மலாய் எழுத்தாளர் இசா கமாரி 2009-இல் 'ராவா' என்ற நாவலை வெளியிட்டார். பரிவோடு எழுதியதுதான். ஆயினும் அக்கரையில் நின்று பார்த்த பரிவு அது. நம் ரப்பர்த் தோட்ட வாழ்வை வைத்துத் தமிழகத்து அகிலன் 'பால்மரக் காட்டினிலே' எழுதியதுபோல என்று கொள்ளலாம். விருந்தினர் நல்ல மனத்தோடு எழுதினாலும், பெரட்டுக்கு விடிய நாலு மணிக்கு எழுந்தவனுக்குத் தெரிந்த சில செய்திகள் அதில் விடுபடத்தான் செய்யும்.

அப்படியானால் மூலக்குடி மக்களே எழுதியது உண்டா? மலேசியாவில் உண்டு. பேராக் மாநிலத்துச் செமாய் இனத்தவரான மகாட் என்பவர் அக்கியா என்ற புனைபெயரில் எழுதுகிறார். 2007-இல் வெளிவந்த அவருடைய 'பெராங் சங்கில்', ஓராங் அஸ்லி ஒருவர் எழுதிய முதல் நாவல் என்று மதிக்கப்படுகிறது. 'பெராங்' என்றால் போர். அடிமை பிடிக்கக் காட்டுக்குள் புகுந்தவர்களைச் செமாய் மக்கள் எதிர்த்த கதை அது. முதியோர் வாய்மொழியாகச் சொல்லிவந்ததை அவர் ஏட்டில் ஏற்றினார். அக்காலத்தில் பெரியவர்களைக் கொன்றுவிட்டுப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போவது வழக்கம். 1880-களில்தான் பேராக்கில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ராபர்ட் டென்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் செமாய் மக்களோடு தங்கியிருந்து 1968-இல் ஒரு நூல் எழுதினார். வன்செயல் அறியாத மக்கள் என்று அவர்களை உலகுக்கு அறிமுகம் செய்த நூல் அது. அந்த மக்களில் ஒருவரே பேனா எடுத்தபோது, முதல் நாவலின் தலைப்பிலேயே 'போர்' வந்து நின்றது! இரண்டில் ஒன்று பொய் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். வெளியார் கண்டது அமைதியை. உள்ளே இருந்தவர் நினைவில் வைத்திருந்தது, அந்த அமைதிக்கு முன்னே கிடந்த அச்சத்தை. அடிமை வேட்டை தந்த அச்சத்துக்கும் இந்த அமைதிக்கும் உறவு உண்டு என்று டென்டனும் பிற்காலத்தில் எழுதினார். இத்தகைய இலக்கியத்தைப் பயில்வதன் பயன் இதுதான். ஒரு மக்களின் குணம் என்று நாம் எண்ணியிருந்தது, உண்மையில் அவர்கள் பட்ட பாடு என்று தெரியவருகிறது.

மொழியையும் பாருங்கள். செமாய் மொழி மலாய்க் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. கம்போடியாவின் கெமர் மொழிக்கும், இந்தியாவின் சந்தாலி மொழிக்கும் அது தூரத்து உறவு. ஆனாலும் நாவல் மலாயில்தான் எழுதப்பட்டது. பள்ளியில் எழுதப் பழகிய மொழி வேறாகவும் பாட்டி கதை சொன்ன மொழி வேறாகவும் இருப்பது தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் புதிதா என்ன?

இவர்களை முன்னாளில் 'சாக்காய்' என்று அழைத்தார்கள். அடிமை, ஏவலாள் என்ற இழிபொருள் அச்சொல்லில் ஏறியிருந்தது. நம்மவர் வாயிலும் அது வந்ததுண்டு. நம்மைக் 'கூலி' என்று பிறர் அழைத்தபோது குன்றிப்போன நாமே, பக்கத்து மலைக்காரரை இப்படி அழைத்தோம். இன்று வழங்கும் பெயர் ஓராங் அஸ்லி, அதாவது மூலக்குடி மக்கள்.

செமாய் மக்கள் தங்கள் நிலத்தை ஆற்றுப் பள்ளத்தாக்கை வைத்தே அடையாளம் சொல்வார்கள். வேலி இல்லை, பத்திரம் இல்லை. இன்ன ஆற்றுக்காரர் என்றால் இன்ன காடு அவர்களுடையது. ஆகவே அவர்கள் கதையில் ஆற்றின் பெயர் வந்தால் வருணனை என்று தாண்டிப் போகாதீர்கள். அது அவர்களுடைய பட்டா. கேமரன் மலையில் தேயிலை நட்டபோது காடு வெட்டியவர்களில் நம் முன்னோரும் இருந்தார்கள். வயிற்றுப்பாட்டுக்காக, பிறர் ஏவ வெட்டினார்கள். அது யார் காடு என்று கேட்கும் நிலையில் அவர்கள் இல்லை. இன்று படிக்கும் நாம் கேட்கலாம்.

கேரளத்தில் மூணாறு தேயிலைத் தோட்டங்கள் இருக்கும் அதே இடுக்கி மலைநாட்டில் பிறந்த, மலை அரையர் இனத்து நாராயண் என்பவர் அஞ்சல் துறையில் வேலை பார்த்துக்கொண்டே 'கொச்சரேத்தி' என்ற நாவலை எழுதினார். 1998-இல் வெளிவந்த அந்நூல் கேரள சாகித்திய அகாதமியின் பரிசைப் பெற்றது. தம் மக்களைப் பிறர் அரக்கரைப் போலவும் கோமாளியைப் போலவும் காட்டிவந்தது பொறுக்காமல்தான் அவர் எழுதத் தொடங்கினார்.

உங்கள் வீட்டில் மலாய்ப் பள்ளியில் படித்த பிள்ளை இருந்தால், 'பெராங் சங்கில்' நூலைத் தேடி எடுத்து, மாலையில் தாத்தா பாட்டிக்கு ஒவ்வொரு பகுதியாகத் தமிழில் சொல்லிக்காட்டச் சொல்லுங்கள். கேட்டுக்கொண்டிருக்கும் பெரியவர் நடுவில் குறுக்கிட்டு, "எங்க தோட்டத்துக்குப் பின்னால இருந்த அந்த ஆத்துக்கு முன்னே வேற பேரு இருந்துச்சு" என்று தொடங்கினால், நூலை மூடிவைத்துவிட்டு அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.