வாஞ்சூர் தாண்டும் உத்தரவு

நாகூரிலிருந்து காரைக்கால் போகும் பேருந்து வாஞ்சூரைக் கடக்கும்போது இன்று மாறுவது பெட்ரோல் விலையும் மதுக்கடைப் பலகைகளும்தான். காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த 1954 நவம்பர் 1 வரை அங்கே சட்டமே மாறியது. ஆங்கிலேயரின் பிடியாணை பிரெஞ்சு மண்ணில் செல்லாது என்று நம்பித்தான் 1908இல் பாரதி புதுச்சேரிக்குப் போனார். அவருக்கு உதவிய எல்லை, பெண்டாட்டியை அடித்தவனுக்கு உதவாமலா இருந்திருக்கும்?

ஆனால் அவன் ஓட வேண்டிய அவசியமே பெரும்பாலும் வந்திருக்காது. 1819 ஆணைப்படி இந்தியர்களுக்கு அவரவர் சாதி, மத வழக்கமே சட்டம். 1881 அரசாணைப்படி அதைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்துக்குள் போனவர்கள் ‘ரெனோன்சான்’கள். நெப்போலியன் காலத்து அந்தச் சட்டமோ மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும், அவன் இருக்கும் வீட்டில் இருக்க வேண்டும் என்றது. எப்படிப் பார்த்தாலும் அடிபட்டவள்தான் மூட்டை கட்டினாள். தாய் வீட்டுக் கதவு திறந்தால் அவள் அதிர்ஷ்டம்.

2006 அக்டோபர் 26இல் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைச் சட்டம் அந்த மூட்டையை அவன் தலையில் வைத்தது. வீட்டைவிட்டு வெளியேறு, அவள் வேலை செய்யும் இடத்துக்குப் போகாதே, போனில் கூப்பிடாதே, சொத்தை விற்காதே என்று நடுவர் உத்தரவிடலாம். சேர்ந்து வாழ்ந்த வீடு கணவனின் உறவினர் பெயரில் இருந்தாலும் அவள் அங்கே குடியிருக்கும் உரிமையைக் கேட்கலாம் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. (மாமியாரை மட்டும் வெளியேற்ற முடியாது, பெண்ணை வெளியே அனுப்ப இந்தச் சட்டம் இடம் தரவில்லை.) பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும், ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது.

நாகப்பட்டினத்தில் வாழ்க்கைப்பட்டவள் காரைக்காலில் அம்மா வீட்டில் தற்காலிகமாகத் தங்கியிருந்தாலும் காரைக்கால் நீதிமன்றத்திலேயே மனு போடலாம். உத்தரவு இந்தியா முழுக்கச் செல்லும். வேடிக்கை என்னவென்றால், 1963இல் புதுச்சேரிக்கு வந்த இந்து திருமணச் சட்டம் ரெனோன்சான்களை விலக்கிவைத்தது. குடும்ப வன்முறைச் சட்டம் அவர்களை விலக்கவில்லை.

விலகி நிற்பது வேறொருத்தி: முன்பின் தெரியாதவன் பின்தொடரும் பெண். ஒரே வீட்டில் வாழ்ந்த உறவு இல்லாததால் அவளுக்கு இந்த உத்தரவு கிடையாது.

இன்னொரு எல்லை வாஞ்சூரைவிடத் தொலைவில். பிரான்சிலும் 2010 முதல் பாதுகாப்பு ஆணை உண்டு, ஆனால் கால வரம்போடு. நம் பாதுகாப்பு உத்தரவு பொதுவாக அவளாக நீக்கக் கேட்கும்வரை நீடிக்கும். ஆனால் பாரிஸிலிருந்து புருஷன் போனில் மிரட்டினால், அதை மீறல் என்று எழுதிக்கொள்ளும் காவலர் அவனைப் பிடிக்க விமானமா ஏறுவார்?