"பயந்த சுபாவம், சொல்லிடாதீங்க டாக்டர்!"

வலி தணிப்புப் பிரிவுக்குப் புற்றுநோயாளிகள் பலர் கடைசி வாரத்தில்தான் வருகிறார்கள். வாசலிலேயே மகன் மறிப்பார்: "அப்பா தாங்க மாட்டார், எதுவும் சொல்லிடாதீங்க." உள்ளே அப்பா கேட்பார்: "பட்டாவை மக பேருக்கு மாத்தணும். ரெண்டு மாசம் தாங்குமா?"

ஆளுக்கு ஒரு மனசு

கணக்குப் பார்த்தே வாழ்ந்தவர் எல்லாம் தெரிந்து ஏற்பாடு செய்ய நினைப்பார். எதற்கும் பதறுபவருக்குச் சாவைவிட வலியும் மூச்சுத்திணறலும்தான் பயம். மருந்து இருக்கிறது என்றாலே பாதி அடங்குவார். பாரமாகிவிடக் கூடாது என்பவர் வலியையே மறைப்பார். சிலர் "நீங்களே பார்த்துக்குங்க" என்பார்கள். அதுவும் அவர்கள் உரிமை. எப்படி, எவ்வளவு சொல்வது என்பதற்குத்தான் சுபாவம் பார்க்க வேண்டும். வாயே திறக்காமலிருக்க அது சாக்கல்ல.

நம்பிக்கைகளும் உண்மையும்

"தெரிந்தால் நொறுங்கிவிடுவார்." உறவினர் கூட்டம் கூட்டமாக வந்து பார்க்கும்போதே அவருக்குத் தெரிந்துவிடும். பேசத்தான் ஆள் இருக்காது.

"மார்பின் கொடுத்தால் சீக்கிரம் முடிந்துவிடும்." மருத்துவர் சொன்ன அளவில் கொடுத்தால் முடியாது, அடிமையாவதும் அரிது. மலச்சிக்கல் வரும், அதற்கும் மருந்து உண்டு. மார்பினுக்குப் பயந்துவிட்டு, மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரையை இஷ்டத்துக்கு விழுங்கி வயிற்றில் ரத்தக்கசிவோடு வருகிறார்களே, அதை என்ன சொல்ல?

"வைராக்கியக்காரர், சாப்பிட்டால் எழுந்துவிடுவார்." விழுங்க முடியாதவர் வாயில் கஞ்சியைத் திணித்தால் நுரையீரலுக்குள் போகும். உதட்டை ஈரத்துணியால் நனையுங்கள், போதும்.

"வலி தணிப்பு என்றால் கைவிட்டுவிட்டார்கள்." முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் அமெரிக்காவில் நடந்து 2010-இல் வெளியான ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு இதையும் ஆரம்பத்திலேயே பெற்றவர்கள் சராசரியாக இரண்டு மாதத்துக்கும் மேல் கூடுதலாக வாழ்ந்தார்கள்.

பரிசோதனைகள்

கடைசிக் கட்டத்தில், சிகிச்சையை மாற்றப்போகாத ஸ்கேன் எதற்கு?

இப்போதே கேளுங்கள்

கடைசிக் காலத்தில் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உயிலை (லிவிங் வில்) 2018-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. 2023-இல் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியிடம் சான்று பெறலாம். தமிழகத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வலி தணிப்புச் சேவை வீட்டுக்கே வருகிறது.

கும்பிட்டுக் கேட்கிறேன். பெற்றோர் நடமாடும்போதே கேட்டுவையுங்கள்: கடைசியில் வீடா, ஐசியுவா? யார் முடிவெடுக்க வேண்டும்? கோபித்தால் விட்டுவிட்டு அடுத்த வாரம் கேளுங்கள். வென்டிலேட்டர் போட்டபின் "அப்பா என்ன விரும்பியிருப்பார்?" என்று என்னைக் கேட்காதீர்கள். அவரோடு வாழ்ந்தது நீங்கள்தான்.