தோற்றத்தின் வழிநூல்கள்: இசைக்கலைஞரும் திரைப்படமும் பழம்பாணியும் தனிநடையாகும் விதம்

முன்னுரை

'நடை உடை பாவனை' என்னும் தொடர் தமிழர் வழக்கில் நெடுங்காலமாக இருந்து வருகிறது. ஒருவரை இன்னார் என்று காட்டுவன எவையோ அவற்றை இத்தொடர் மூன்று சொற்களில் அடக்கிவிடுகிறது. இவற்றுள் 'நடை' என்பது கால்நடையையும் ஒழுக்கத்தையும் எழுத்தின் போக்கையும் ஒருங்கே குறிக்கும். 'பாவனை' என்பதோ பாங்கு என்னும் பொருளோடு, ஒன்றைப் போலச் செய்தல் என்னும் பொருளையும் உடையது. ஒருவரது தோற்றத்தில் பிறரைப் போலச் செய்தலுக்கும் இடமுண்டு என்பதை நம் மொழி முன்னரே ஏற்றுக்கொண்டிருக்கிறது எனலாம்.

ஆயினும் நடைமுறையில் நாம் அவ்வளவு தாராளமாக இருப்பதில்லை. மாணவன் ஒருவன் பாடகர் ஒருவரைப் போல முடி வளர்த்தாலும், மாணவி ஒருத்தி பழைய திரைப்படத்தில் கண்ட பாணியில் ரவிக்கை தைத்து அணிந்தாலும், 'இது சொந்தப் புத்தியன்று, பிறரைப் பார்த்துச் செய்வது' என்று கூறிவிடுகிறோம். பார்த்துச் செய்தலும் தனித்தன்மையும் ஒன்றற்கொன்று முரணானவை என்னும் எண்ணமே இக்கூற்றின் அடிப்படை. இவ்வெண்ணம் பொருந்துமா என்பதை மலேசிய, சிங்கப்பூர்ச் சூழலிலிருந்தும் தமிழ்த் திரைப்படத்திலிருந்தும் சில சான்றுகள் கொண்டு விளக்க இக்கட்டுரை முற்படுகிறது.

முதல், வழி, சார்பு

இவ்விளக்கத்திற்கு வேண்டிய அளவுகோலை நாம் வெளியே தேட வேண்டியதில்லை. பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என மூவகைப்படுத்துகிறார். முன்னோர் நூலின் முடிபுகளோடு ஒத்துச் சென்று, பின்னவன் தான் வேண்டும் வேறுபாடுகளையும் சேர்த்துக் கூறுவது வழிநூல். முன்னவற்றை ஒரு பகுதியளவே தழுவிப் பெரிதும் வேறுபட்டு நிற்பது சார்புநூல். தொல்காப்பிய மரபியலும் வழிநூலின் வகைகளுள் ஒன்றாக மொழிபெயர்ப்பை எண்ணுகிறது.

வழிநூல் என்பது நம் மரபில் இழிவான ஒன்றன்று என்பதே இங்குக் கருதத்தக்கது. நூல் இயற்றும் முறைகளுள் அது மதிப்புடைய ஒரு முறை. அதனை வெறும் படியிலிருந்து பிரித்துக் காட்டுவது பின்னவன் வேண்டிச் செய்யும் வேறுபாடே ஆகும். நூலுக்குச் சொல்லப்பட்ட இப்பகுப்பை உடைக்கும் பொருத்திப் பார்த்தால், 'யாரைப் பார்த்துச் செய்தாய்?' என்னும் கேள்வி பின்னுக்குச் சென்று, 'எதை மாற்றினாய், ஏன் மாற்றினாய்?' என்னும் கேள்வி முன்னுக்கு வருகிறது.

கித்தார்க் குழுக்களும் ஒரே நிறக் கோட்டும்

1961 நவம்பரில் கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸ் குழுவினரும் சிங்கப்பூரில் ஹேப்பி வோர்ல்டு அரங்கில் நிகழ்ச்சி படைத்தனர். ஷேடோஸ் குழுவினர் ஒரே மாதிரியான கோட்டும் காற்சட்டையும் அணிந்து, கித்தாரை வாசித்தவாறே ஒரே சீராக அடியெடுத்து வைப்பவர்கள். ஓசையோடு உடையும் உடலசைவும் சேர்ந்தே ஒரு நடையாகும் என்பதைப் பார்த்தோர் நேரில் கண்டனர். இங்கு இரு செய்திகள் சுவையானவை. கிளிஃப் ரிச்சர்ட் 1940இல் இந்தியாவின் லக்னோ நகரில் பிறந்தவர். ஷேடோஸ் குழுவின் முதன்மைக் கித்தார்க் கலைஞர் ஹாங்க் மார்வினின் அடையாளமாகிவிட்ட தடித்த சட்டகமுடைய மூக்குக்கண்ணாடி, அமெரிக்கப் பாடகர் பட்டி ஹாலியைப் பின்பற்றியது. இங்குள்ள இளைஞர்கள் முதல்நூலாகக் கொண்டதே ஒரு வழிநூல்தான் என்பது இதனால் புலனாகும்.

அதே 1961இல் குவீன்ஸ்டவுன் உயர்நிலைத் தொழில்நுட்பப் பள்ளி மாணவர்கள் தொடங்கிய 'தி குவெஸ்ட்ஸ்' குழு, 1964இல் வெளியிட்ட 'ஷாண்டி' என்னும் இசைத்தட்டின் வாயிலாகச் சிங்கப்பூர் வானொலியின் விருப்பப் பட்டியலில் பீட்டில்ஸ் பாடல் ஒன்றை விலக்கி முதலிடம் பெற்றது. மலாய் மொழியில் பாடிய குழுக்கள் 'பாப் யே யே' என்னும் இசைவகையை வளர்த்தன. இப்பெயர் பீட்டில்ஸ் பாடலில் திரும்பத் திரும்ப வரும் ஓர் ஒலியிலிருந்து பிறந்ததாகக் கூறுவர். குழுக்களுக்கோ 'கூகிரான்' என்னும் பெயர் அமைந்தது. இது விறுவிறுப்பான கித்தார்க் குழு என்னும் பொருளுடைய மலாய்த் தொடரின் சுருக்கம். 1967இல் வெளிவந்த 'ஏ கோ கோ 67' என்னும் மலாய்த் திரைப்படம் இவ்விசையையே பொருளாகக் கொண்டது.

ஒரே நிறக் கோட்டும் ஒடுங்கிய கழுத்துப்பட்டையும் கூர்முனைக் காலணியும் வெளியிலிருந்து வந்தவை. பாடிய மொழியும் குரலின் குழைவும் கூட்டத்தின் இயல்பும் இம்மண்ணுக்கு உரியவை. உடையை அப்படியே எடுத்துக்கொண்டு மொழியை மாற்றியமையால் அவ்வுடையின் பொருளும் மாறிற்று. இலண்டன் இளைஞனின் கோட்டு, சிங்கப்பூரில் மலாய் மொழியிலும் புதுமையாகப் பாடலாம் என்பதன் அடையாளமாயிற்று. இது வழிநூலின் தெளிவான இலக்கணம்.

1964: திரையில் இரு நாயகர்

தமிழர்க்கு 1964ஆம் ஆண்டு இரு திரைப்படங்களைத் தந்தது. ஸ்ரீதர் வண்ணத்தில் இயக்கிய 'காதலிக்க நேரமில்லை' அவற்றுள் ஒன்று. அதில் அறிமுகமான ரவிச்சந்திரன் கோலாலம்பூரில் பிறந்தவர் என்பது இந்நாட்டுத் தமிழர்க்கு உவப்பான செய்தி. மற்றொன்று, சிவாஜி கணேசன் நடித்த 'புதிய பறவை'. அதன் நாயகன் சிங்கப்பூரிலிருந்து தாயகம் திரும்பும் செல்வன். அவன் அணியும் மேனாட்டுக் கோட்டும் கழுத்துப்பட்டையும் கதையில் வெறும் அழகுக்காக வருவனவல்ல. அவை 'கடல் கடந்தவன்' என்பதைப் பார்ப்போர்க்கு உணர்த்தும் குறிப்புகள். அப்படத்தின் கதையே 1958ஆம் ஆண்டு ஆங்கிலப் படம் ஒன்றைத் தழுவிய வங்காளப் படத்தின் வழியாகத் தமிழுக்கு வந்ததாகும். அவ்வகையில் அது வழிநூலின் வழிநூல்.

இங்கு ஒரு வேடிக்கையைக் காணலாம். சென்னைப் படப்பிடிப்பு நிலையத்தில் உருவான 'சிங்கப்பூர்க்காரன்' என்னும் உருவத்தைச் சிங்கப்பூரிலும் மலாயாவிலும் இருந்த தமிழர்கள் திரையில் கண்டனர். தம்மைப் பற்றித் தாயகம் கொண்டிருந்த கற்பனையே அவர்களுக்குத் தோற்ற மாதிரியாக வந்து சேர்ந்தது. தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்க்கும் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்க்கும் அக்கற்பனைக்கும் இடையே இருந்த தொலைவு பெரிது. எனினும் திருமணத்திற்கும் பெருநாளுக்கும் நிழற்படம் எடுப்பதற்கும் கோட்டு அணிவது அத்தொலைவை ஒரு நாளேனும் கடக்கும் வழியாக அமையக்கூடியது.

இம்மாற்றத்தில் தையற்காரரின் பங்கு தனித்துக் குறிப்பிடத்தக்கது. ஆயத்த உடைகள் இன்றுபோலப் பெருகாத அக்காலத்தில், துணியை எடுத்துத் தைக்கக் கொடுப்பதே பெருவழக்கு. திரையோ இசைத்தட்டின் உறையோ உடையின் முன்தோற்றத்தைத்தான் காட்டும். உள்தையலையும் துணியின் கனத்தையும் காட்டாது. எஞ்சியவற்றைத் தையற்காரர் தம் அறிவாலேயே நிரப்ப வேண்டும். குளிர்நாட்டுக் கம்பளியை நம் வெப்பத்தில் அணிய இயலாது. ஆதலின் அவ்வடிவம் மெல்லிய துணிக்கு மாறியாக வேண்டும். அணிபவரின் தோளும் இடையும் நடிகருடையவை அல்ல. எனவே அளவும் மாறியாக வேண்டும். பின்னவன் வேண்டும் வேறுபாடு தையல் மேசையில் தானே நுழைந்துவிடுகிறது.

மாலுமியின் காற்சட்டையும் அரசின் கத்தரியும்

1970களின் அடையாளமான பெல்பாட்டத்தின் வரலாறும் இதனையே வலியுறுத்துகிறது. முழங்காலுக்குக் கீழே மணிபோல் விரியும் அக்காற்சட்டை, 19ஆம் நூற்றாண்டில் கடற்படை மாலுமிகள் அணிந்தது. 1960களில் மேனாட்டு இளைஞர்கள் படைத்துறையின் எஞ்சிய பொருள்களை விற்கும் கடைகளில் அதனை மலிவாக வாங்கி உடுத்தினர். அவர்களிடமிருந்தும் இசைக்கலைஞரிடமிருந்தும் அது உலகெங்கும் பரவித் தமிழ்த் திரையையும் அடைந்தது. மடிப்புக் கலையாமல் நேராக விழும் செயற்கையிழைத் துணிகள் அப்போது பரவலாகக் கிடைத்தமையும் அதற்குத் துணையாயிற்று.

1979இல் வெளிவந்த கே. பாலசந்தரின் 'நினைத்தாலே இனிக்கும்' இவ்வகையில் முதன்மையானது. கமல்ஹாசனும் ரஜினிகாந்தும் ஓர் இசைக்குழுவின் உறுப்பினராக நடித்த அப்படத்தின் பெரும்பகுதி சிங்கப்பூரில் படமாக்கப்பட்டது. மேனாட்டு இசைக்குழுவின் தோற்றம், தமிழ்ப் பாட்டு, சிங்கப்பூர்த் தெரு என மூன்றும் அதில் ஒன்றாயின.

அதே 1970களில் சிங்கப்பூர் அரசு நீண்ட முடிக்கு எதிராக இயக்கம் நடத்தியது. நீண்ட முடியுடைய ஆடவர்க்குக் கடைசியாகவே பணி செய்யப்படும் என்னும் அறிவிப்புகள் அரசு அலுவலகங்களில் வைக்கப்பட்டன. நெற்றிமுடி புருவத்தைத் தொடுதல், பக்கமுடி காதை மறைத்தல், பின்முடி சட்டைக் கழுத்துக்குக் கீழ் இறங்குதல் ஆகியவை படங்களால் விளக்கப்பட்டன. 1972இல் லெட் செப்பெலின் குழுவின் நிகழ்ச்சி, உறுப்பினரின் முடியின் பொருட்டு நடைபெறாது போயிற்று. மலேசியாவிலும் 1992இல் நீண்ட முடியுடைய ராக் பாடகர்கள் வானொலி தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் தோன்றுவதற்குத் தடை விதிக்கப்பட்டது.

இந்நடவடிக்கைகளுக்குக் காரணங்கள் கூறப்பட்டன. போதைப்பொருள் பழக்கத்தோடு இணைத்துப் பார்க்கப்பட்ட ஹிப்பிப் பண்பாட்டைத் தடுப்பது அவற்றுள் ஒன்று. அக்கவலையை நாம் எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் அத்தடைகளின் அடிப்படையில் ஓர் ஊகம் உண்டு. தோற்றத்தை எடுத்துக்கொள்பவன் அதன் முழுப்பொருளையும் எடுத்துக்கொள்கிறான் என்பதே அது. மேலே கண்ட சான்றுகள் இதற்கு மாறானதையே காட்டுகின்றன. பெல்பாட்டம் அணிந்தவரெல்லாம் மாலுமி ஆகவில்லை. வடிவம் இடம் மாறுகையில் பொருளும் மாறுகிறது.

பழம்பாணியின் இயல்பு

வழக்கொழிந்த பாணியை மீட்டெடுத்து அணிவது இன்று பெருகியுள்ளது. மலேசியாவில் 'பண்டல்' கடைகள் எனப்படும் பழைய உடைக் கடைகளில் இளைஞர்கள் அகன்ற கழுத்துச் சட்டைகளைத் தேடி எடுக்கின்றனர். இது புதிதன்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1950ஐ ஒட்டி, இலண்டன் தையற்காரர்கள் ஏழாம் எட்வர்டு மன்னர் காலத்துப் பாணியை உயர்குடியினர்க்காக மீட்டனர். அதனைத் தொழிலாளர் வீட்டு இளைஞர்கள் தமதாக்கி, கோட்டை நீட்டி, கழுத்துக்கு வெல்வெட்டுத் துணி வைத்துத் தைத்தனர். எட்வர்டு என்னும் பெயர் சுருங்கி அவர்கள் 'டெடி பாய்' எனப்பட்டனர். மேட்டுக்குடியின் பழம்நினைவு உழைப்பாளியின் புதுப்பெருமையாக மாறியது.

தமிழில், 2008இல் சசிகுமார் இயக்கிய 'சுப்பிரமணியபுரம்' 1980இன் மதுரையைக் கிருதாவும் பெல்பாட்டமுமாக மீட்டுக் காட்டியது. அப்படத்தில் உடை வேடிக்கைப் பொருளாகவில்லை. வேலையற்ற இளைஞரின் வாழ்வோடும் அவர்களுக்கு நேர்ந்த வஞ்சகத்தோடும் இணைந்தே வந்தது. பழம்பாணியை எடுப்போர் அறிய வேண்டிய வேறுபாடு இதுதான். காலத்தை நீக்கிவிட்டு உடையை மட்டும் எடுத்தால் அது மாறுவேடம். காலத்தையும் அறிந்து எடுத்தால் அது நடை.

கோட்டின் பொருள்

2016இல் பா. இரஞ்சித் இயக்கத்தில் வெளிவந்த 'கபாலி' இவ்விளக்கத்திற்கு நிறைவான சான்று. மலேசியத் தோட்டத் தொழிலாளர் வழிவந்த நாயகனாக ரஜினிகாந்த் அதில் கோட்டு அணிந்தே வருகிறார். காந்தியடிகள் சட்டையைத் துறந்ததற்கும் அம்பேத்கர் கோட்டு அணிந்ததற்கும் காரணங்கள் உண்டு என்னும் கருத்தை அப்பாத்திரம் எடுத்துரைக்கிறது. கடந்தகாலக் காட்சிகளில் இளமைக்கால ரஜினிகாந்தின் முடியும் உடையும் மீட்டுக் காட்டப்படுகின்றன. இசையன்றி ஏனைய இரண்டும், அதாவது திரை நாயகனின் உருவமும் பழம்பாணியும், ஒரே படத்தில் சந்திக்கின்றன. எவ்வுடை யாருக்கு உரியது என்று பிறர் வகுத்து வைத்திருந்த சமூகத்தில், மறுக்கப்பட்ட உடையை எடுத்து அணிவதைப் போலி என்று கூறிவிட இயலுமா? அது தன்மதிப்பின் வெளிப்பாடு. 'புதிய பறவை'யின் செல்வன் அணிந்த கோட்டுக்கும் இக்கோட்டுக்கும் தையலில் பெரிய வேறுபாடு இல்லை. பொருளில்தான் வேறுபாடு உண்டு.

முடிவுரை

பட்டி ஹாலியிடமிருந்து ஹாங்க் மார்வினும், அவர் குழுவிடமிருந்து சிங்கப்பூர் இளைஞரும், மாலுமியிடமிருந்து திரை நாயகரும் எடுத்துக்கொண்டனர். இச்சங்கிலியில் எவரிடமிருந்தும் பெறாத முதல்வர் ஒருவரைக் காண்பது அரிது. தனிநடை என்பது பிறரைப் பாராமையால் வருவதன்று. கூர்ந்து பார்த்து, வேண்டியதை எடுத்து, தன் உடலுக்கும் இடத்திற்கும் நோக்கத்திற்கும் ஏற்ப மாற்றுவதால் வருவது.

தமிழாசிரியர்க்கு இவ்வுண்மை புதியதன்று. மாதிரிக் கட்டுரையை மனனம் செய்து ஒப்பிக்கும் மாணவனுக்கும், அதன் அமைப்பை உள்வாங்கித் தன் ஊரைப் பற்றி எழுதும் மாணவனுக்கும் உள்ள வேறுபாட்டை நாம் நாள்தோறும் திருத்தும் தாள்களில் காண்கிறோம். முன்னவனைக்கூட நாம் வெறுப்பதில்லை, அவன் இன்னும் முதற்படியில் நிற்கிறான் என்று பொறுத்துக்கொள்கிறோம். அதே பொறுமையை அவனது தோற்றத்திற்கும் நாம் வழங்கலாம். பள்ளி விதிகள் இருக்கவே செய்யும், அவற்றைக் காக்க வேண்டியதும் நம் கடமை. ஆனால் விதியை நினைவூட்டுவது வேறு, சொந்தப் புத்தியற்றவன் என்று இகழ்வது வேறு. யாருடைய பாணி இது, அவர் ஏன் அவ்வாறு உடுத்தினார், நீ அதில் எதை உனக்காக மாற்றினாய் என்று கேட்டால் மாணவன் வரலாற்றையும் தன்னையும் ஒருசேர எண்ணத் தொடங்குவான். வழிநூலுக்கு இடங்கொடுத்த மரபைக் கற்பிக்கும் நாம், அம்மரபை வகுப்பறையில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளிடமும் பின்பற்றுவது பொருத்தமுடையது.