ஒரே சாப்பாடு, நாலு டோக்கன்

மதியச் சாப்பாட்டுக் கடையில் பன்னிரண்டு மணிக்கு வடித்த சோறு மூன்று மணிக்கு மேல் காசாகாது. விமான இருக்கையும் அப்படித்தான். கதவைச் சாத்திவிட்டால் காலி இருக்கைக்கு விலையே இல்லை. அதனால் கல்லாவில் இருப்பவர் ஒரே சாப்பாட்டுக்கு நாலு டோக்கன் வைத்திருக்கிறார். காலையிலேயே காசு கட்டினால் சலுகை டோக்கன். ஆனால் ரத்து, மாற்றம் எதுவும் பேசக்கூடாது. பசியோடு கடைசியில் ஓடி வருபவருக்கு முழு விலை டோக்கன். இலையில் விழுவது இருவருக்கும் ஒன்றுதான்.

விமானத்தில் அந்த டோக்கன் ஓர் ஆங்கில எழுத்து. எகானமிக்கும் பிசினஸுக்கும் இடைப்பட்ட பிரீமியம் எகானமியில் பிரிட்டிஷ் ஏர்வேஸுக்கு டபிள்யூ, இ, டி என்று மூன்று. சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் எஸ், டி, பி, ஆர், எல் என்று ஐந்து. காசு கட்டுமுன் கட்டண விவரத்தைத் திறந்து பார்த்தால் அந்த எழுத்து பெரும்பாலும் ஒரு மூலையில் பொடியாக இருக்கும். பலர் அதைப் பார்ப்பதே இல்லை.

பார்க்க வேண்டும். ஏனென்றால் கல்லாவுக்குப் பக்கத்தில் இன்னொருவர் வாடிக்கையாளர் நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள் என்று அவர் கேட்பதில்லை. டோக்கனை வாங்கிப் பார்த்து எழுதிக்கொள்வார். விமான நிறுவனங்களில் அந்த நோட்டு, அடிக்கடி பறப்பவர்களுக்கான பாயிண்ட் திட்டம். குவாண்டாஸ் கணக்கில் ஓர் உறுப்பினர் ஆண்டுக்குள் ஸ்டேட்டஸ் கிரெடிட் என்னும் தகுதிப் புள்ளி 700 சேர்ந்தால் முதல் தடவை கோல்டு தகுதி. அதைத் தக்கவைக்க 600. லவுஞ்ச், கூடுதல் லக்கேஜ், தனி வரிசை எல்லாம் அதோடு வரும்.

கல்லாக்காரர் விலையை தினமும் மாற்றுவார். நோட்டுக்காரரின் அட்டவணை மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். இருவரும் கலந்து பேசிக்கொள்வதில்லை. லாபம் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

பிரிட்டிஷ் ஏர்வேஸின் பழைய அட்டவணையைப் பாருங்கள். லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு ஒருவழிப் பயணத்தில் பிசினஸுக்கு 140 டயர் பாயிண்ட் (தகுதிப் புள்ளிக்கு அங்கே அந்தப் பெயர்). பிரீமியம் எகானமிக்கு 90. மூன்று எழுத்தில் எதை வாங்கினாலும் அதே 90. அதாவது பிசினஸில் கிடைத்ததில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. தள்ளுபடியில் விலை பிசினஸின் பாதிக்குக் கீழே இறங்கிவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்றிருந்தது. விலையைப் பாயிண்டால் வகுத்துப் பார்ப்பது மட்டும்தான் இதில் உள்ள கணக்கு.

2025 ஏப்ரல் 1 முதல் அங்கே கல்லாவும் நோட்டும் ஒரே கைக்குப் போய்விட்டன. வரி நீங்கலாகச் செலவழிக்கும் ஒவ்வொரு பவுண்டுக்கும் ஒரு பாயிண்ட், சில்வர் தகுதிக்கு 7,500. டெல்டாவும் யுனைடெட்டும் அதற்கு முன்பே பணக் கணக்குக்கு மாறியவை. இப்படிப்பட்ட இடங்களில் மலிவு டிக்கெட் என்றால் பாயிண்டும் மலிவுதான். தூரத்தையும் டிக்கெட் வகையையும் பார்த்துப் பாயிண்ட் கொடுக்கும் திட்டங்களில்தான் தேடிப் பயன் உண்டு.

அங்கேயும் பானை சிறியது. குவாண்டாஸின் 787-9 விமானத்தில் மொத்தம் 236 இருக்கை. பிரீமியம் எகானமி 28தான். அதில் சலுகை டோக்கன் இன்னும் கொஞ்சம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. நாலு பேருக்குத் தேடும்போது சலுகையில் மூன்றுதான் மிச்சம் என்றால், கல்லாக்காரர் பெரும்பாலும் நாலு பேருக்கும் அடுத்த விலையைச் சொல்லிவிடுவார். ஒருவருக்கு மட்டும் தேடிப் பாருங்கள். விலை இறங்கினால் மூன்றும் ஒன்றுமாகப் பிரித்து வாங்கலாம். பிரிந்த டிக்கெட்டுகளை விமானம் தாமதமானால் சேர்த்துக் கவனிக்க மாட்டார்கள் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

குவாண்டாஸ் அவ்வப்போது இரட்டை ஸ்டேட்டஸ் கிரெடிட் அறிவிக்கும். சாதாரண நாளில் சுமாரான டிக்கெட்கூட அப்போது நல்ல பேரம். முதலில் சலுகைக்குப் பதிவு, பிறகு புக்கிங். வரிசையை மாற்றிச் செய்தால் இரட்டிப்பு கிடையாது. வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்குப் போய் வருபவருக்கு இந்தத் தலைவலியே வேண்டாம், விலை குறைந்ததை வாங்கிக்கொண்டு போகலாம்.

ஒரு நிறுவனத்தில் பறந்து இன்னொன்றின் நோட்டில் எழுதச் சொல்பவர்கள் எழுத்தை இரண்டு தடவை பார்க்க வேண்டும். பிரிட்டிஷ் ஏர்வேஸில் பிரீமியம் எகானமியைக் குறிக்கும் அதே டி, லுஃப்தான்சாவில் சாதா எகானமியின் மலிவு டிக்கெட். மைல்ஸ் கொடுத்தோ ஏலம் கேட்டோ எகானமியிலிருந்து மேலே ஏறினாலும் பொதுவாக இதே கதைதான்: ஸ்பெஷல் சாப்பாட்டை இலையில் போட்டிருப்பார்கள், நோட்டில் சாதா டோக்கன் என்றே ஏறியிருக்கும்.