வீட்டுக்குள்ளே வை-ஃபை: பாஸ்வேர்டு யார் கையில்?



2011 செப்டம்பர் 15 அன்று விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் படித்த பிள்ளைகள் வாங்கி வந்த மடிக்கணினிகள் நம் உறுப்பினர் வீடுகள் பலவற்றில் இன்றும் இருக்கின்றன. 2026 ஜனவரியில் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்தார்கள். பெட்டி வந்துவிட்டது, சரி. நெட் எங்கிருந்து வருகிறது?

பெரும்பாலும் வீட்டுக்காரர் செல்போனிலிருந்துதான். ஹாட்ஸ்பாட் போட்டுக் கொடுப்பார், பிள்ளை மடிக்கணினியில் பிடித்துக்கொள்ளும். காலையில் அவர் வேலைக்குக் கிளம்பினால் நெட்டும் அவரோடு பஸ் ஏறிவிடும். ராத்திரி அவர் வந்து சாப்பிட்டு, போனில் அவர் வேலையை முடித்த பிறகுதான் மகளுக்கு நேரம். உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் என்றால் பிரவுசிங் சென்டருக்கு ஓட வேண்டும். கீரனூருக்கோ ஆலங்குடிக்கோ போய், வரிசையில் நின்று, பஸ் காசும் செலவழித்து, ஆதார் நம்பரையும் பேங்க் நம்பரையும் முன்பின் தெரியாத கம்ப்யூட்டரில் அடித்துவிட்டு வர வேண்டும். வீட்டிலேயே ஒரு வை-ஃபை இருந்தால் இந்த அலைச்சல் மிச்சம். அதை எப்படி அமைப்பது, யார் கையில் வைத்துக்கொள்வது என்பதைத்தான் இந்த மாதம் பார்க்கப் போகிறோம்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். வை-ஃபை வேறு, இன்டர்நெட் வேறு. ஊர் மேல்நிலைத் தொட்டியிலிருந்து வருகிற தண்ணிதான் இன்டர்நெட். வீட்டுக்குள் அறைக்கு அறை போகிற குழாய்தான் வை-ஃபை. குழாய் நன்றாக இருந்தும் தொட்டியில் தண்ணி இல்லாத நாள் உண்டு. அதனால்தான் மடிக்கணினியில் வை-ஃபை கோடு முழுசாகத் தெரிந்தாலும் ஒன்றுமே திறக்காமல் போகிறது. அப்போது மடிக்கணினியைத் திட்டி, அடித்து, நிறுத்திப் போட்டுப் பிரயோஜனம் இல்லை. ரௌட்டர் பெட்டியைப் பாருங்கள். ஃபைபர் இணைப்பாக இருந்தால் எல்.ஓ.எஸ். என்று எழுதிய விளக்கு ஒன்று இருக்கும். அது சிவப்பாக எரிந்தால் வெளியிலிருந்து வருகிற ஒளி பெட்டிக்கு வந்து சேரவில்லை என்று அர்த்தம். கேபிளில்தான் கோளாறு. கம்பெனிக்குப் புகார் சொல்ல வேண்டியதுதான். சிவப்பு விளக்கு இல்லாமலே நெட் வரவில்லை என்றால், பெட்டியை நிறுத்தி அரை நிமிஷம் விட்டுப் போட்டுப் பாருங்கள். பாதி நேரம் சரியாகிவிடும்.

இணைப்பு எது வாங்குவது? உங்கள் தெருவுக்கு ஃபைபர் கேபிள் வந்திருந்தால் அதுதான் நல்லது. வராத ஊர்களுக்கு சிம் கார்டு போடுகிற ரௌட்டர் உண்டு. ஆனால் அந்த கம்பெனி சிக்னல் உங்கள் வீட்டுக்குள் எப்படி எடுக்கிறது என்று அதே கம்பெனி சிம் உள்ள போனை வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். கட்டணம் கேட்கும்போது ஜி.எஸ்.டி. சேர்த்தா சேர்க்காமலா என்று கேளுங்கள். மாதம் 400 என்று சொன்னால் 18 சதவீதம் சேர்ந்து கையிலிருந்து போவது 472. பெட்டி இலவசமா, வாடகையா, முன்பணமா, இணைப்பை நிறுத்தினால் பணம் திரும்ப வருமா என்பதையும் எழுதி வாங்குங்கள். கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன் எத்தனை கேள்வி கேட்கிறோம், இதற்கும் கேட்போமே!

வீட்டில் மாட்ட வருகிற தம்பி, கேபிள் எந்த ஜன்னல் வழியாக வருகிறதோ அந்த மூலையிலேயே பெட்டியை அடித்துவிட்டுப் போகத்தான் பார்ப்பார். அவருக்கு வேலை சீக்கிரம் முடியும். விடாதீர்கள். அரிக்கேன் விளக்கு ஏற்றின காலத்தை நினைத்துப் பாருங்கள். வீடு முழுக்க வெளிச்சம் வேண்டுமென்றால் மாடக்குழியிலா வைத்தோம்? நடு உத்தரத்தில் அல்லவா மாட்டினோம். வை-ஃபை அலையும் அப்படித்தான், நாலு பக்கமும் பரவும். வீட்டின் நடுவில், ஆள் உயரத்துக்கு, திறந்த இடத்தில் பெட்டி இருக்க வேண்டும். பீரோவுக்குள்ளும் டி.வி.க்குப் பின்னாலும் வைக்கக் கூடாது. இரும்பும் தண்ணீரும் இந்த அலைக்கு ஆகாது. இரும்பு பீரோ, தகரக் கதவு, தண்ணி டிரம் குறுக்கே இருந்தால் அந்தப் பக்கம் சிக்னல் செத்துவிடும். ஓட்டு வீட்டில் ஓடு வழியாக ஓரளவு போகும். கம்பி கட்டிய கான்கிரீட் தளம் நிறையத் தடுக்கும். ஆகவே கீழே பெட்டியை வைத்துவிட்டு மாடி அறையில் படிக்கிற பிள்ளைக்கு நெட் வரவில்லை என்றால் வியப்பில்லை.

பெட்டியில் இரண்டு அலைவரிசை இருக்கலாம். 2.4 என்பது மெதுவானது, ஆனால் சுவரைத் தாண்டி தூரம் போகும். 5 என்பது வேகமானது, கிட்டத்தில்தான் எடுக்கும். பழைய மடிக்கணினிகள் பலவற்றுக்கு 2.4 மட்டும்தான் தெரியும். அதனால் 5-ஐ மட்டும் போட்டு வைத்தால் "லேப்டாப்பில் நம்ம வை-ஃபை பேரே வரலையே" என்று தேட வேண்டியிருக்கும்.

ஒரு பெட்டி வைத்துத் தெரு முழுக்கக் கொடுக்க முடியுமா என்று குழுக் கூட்டங்களில் கேட்கிறார்கள். வீட்டுப் பெட்டியால் முடியாது. இரண்டு மூன்று சுவர் தாண்டுவதே அதிகம். தூரம் அனுப்ப வேண்டுமானால் உயரமான கோபுரத்தில் ஒன்றையொன்று நேராகப் பார்க்கிற ஆன்டெனா வேண்டும். 2000களின் நடுவில் தேனி அரவிந்த் கண் மருத்துவமனையில் அப்படித்தான் செய்தார்கள். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து, இதே வை-ஃபையை வைத்துக் கிலோமீட்டர் கணக்கில் தள்ளியிருந்த கிராமத்துக் கண் பரிசோதனை மையங்களை இணைத்தார்கள். மையத்தில் உட்கார்ந்திருந்தவரைத் தேனியிலிருந்த டாக்டர் திரையில் பார்த்துப் பேசினார். அது பெரிய வேலை. நாம் நம் வீட்டைப் பார்ப்போம்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பாஸ்வேர்டு ஒன்றல்ல, இரண்டு. வை-ஃபையில் சேருவதற்கு ஒன்று. பெட்டியின் உள் அமைப்புக்குள் நுழைவதற்கு இன்னொன்று. முதலாவது வாசல் சாவி என்றால் இரண்டாவது பீரோ சாவி. இரண்டும் பெரும்பாலும் பெட்டியின் அடியில் ஒட்டியுள்ள சீட்டில் அச்சடித்திருக்கும். இரண்டாவதை மாற்றாமல் விட்டால், உங்கள் வை-ஃபையில் சேர்ந்த யாரும் உள்ளே போய் எல்லாவற்றையும் மாற்றலாம். பல பெட்டிகளுக்கு அது 'அட்மின்' என்ற ஒரே சொல்தான். உலகத்துக்கே தெரிந்த சாவி!

மாற்றுவது கஷ்டமில்லை. மடிக்கணினியை வை-ஃபையில் சேர்த்துவிட்டு, பிரவுசரில் மேலே 192.168.1.1 என்று அடியுங்கள். சில பெட்டிக்கு 192.168.0.1. சரியான எண் சீட்டிலேயே இருக்கும். பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும், அதையும் சீட்டைப் பார்த்து அடியுங்கள். முதலில் இந்த உள் பாஸ்வேர்டை மாற்றுங்கள். பிறகு 'வயர்லெஸ்' என்ற பகுதிக்குப் போய் வை-ஃபை பாஸ்வேர்டை மாற்றுங்கள். பாதுகாப்பு முறை என்ன என்று கேட்கிற இடத்தில் டபிள்யூ.பி.ஏ.2 அல்லது டபிள்யூ.பி.ஏ.3 இருக்க வேண்டும். 'ஓப்பன்' என்றிருந்தால் வாசலைத் திறந்து போட்டுத் தூங்குகிற மாதிரி. டபிள்யூ.பி.எஸ். என்ற வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள்.

பாஸ்வேர்டாக மகன் பெயரும் 123-ம் வேண்டாம், செல் நம்பரும் வேண்டாம். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலு சொல்லை எடுங்கள். புளி, ஏணி, வெள்ளாடு, திங்கள் என்கிற மாதிரி. அதை இங்கிலீஷ் எழுத்தில் சேர்த்து அடியுங்கள். உங்களுக்கு மறக்காது, ஊருக்குத் தெரியாது. (இதையே வைத்துவிடாதீர்கள், இந்த இதழைப் பக்கத்து ஊரும் படிக்கிறது.) ஒரு நோட்டில் எழுதி பாஸ்புக்கோடு வையுங்கள். எழுதி வைக்கவே கூடாது என்று சிலர் சொல்வார்கள். வீட்டுக்குள் பத்திரமாக இருக்கிற நோட்டால் வருகிற ஆபத்தைவிட மறந்துபோவதால் வருகிற தொல்லைதான் அதிகம் என்பது என் கருத்து.

ஏன் இதை இவ்வளவு சொல்கிறேன்? களப்பணியில் பார்க்கிறேன். இணைப்பு வீட்டுக்காரர் பெயரில் இருக்கும். பாஸ்வேர்டு பெரிய பையனுக்கு மட்டும் தெரியும். பில் கட்டுவது யார் என்றால், குழுவில் உள்கடன் வாங்கித் தையலோ ஆடோ வைத்துச் சம்பாதிக்கிற அம்மா. பையன் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டால், புது போன் வாங்கிய அம்மாவுக்குச் சொந்த வீட்டு நெட்டில் சேர வழி தெரியாது. தங்கச்சியிடம் கோபம் என்றால் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு அவள் படிப்பை நிறுத்துகிற அண்ணன்களும் இருக்கிறார்கள். "அதெல்லாம் பையன் பாத்துக்குவான்" என்று சொல்லாதீர்கள் அக்கா. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தில் நம் மாவட்டத்துப் பெண்கள் ஊர் கேலியைப் பொருட்படுத்தாமல் சைக்கிள் கற்றார்கள். இதற்கு முழங்கால் கூடச் சிராய்க்காது. இணைப்பை உங்கள் பெயரிலேயே வாங்குங்கள்.

பெயர் உங்களுடையது என்றால் பொறுப்பும் உங்களுடையது. பக்கத்து வீட்டுப் பையன் உங்கள் வை-ஃபை வழியாக ஏதாவது தப்பு செய்தால் விசாரணை முதலில் உங்கள் வாசலுக்குத்தான் வரும். கொடுத்தே ஆக வேண்டிய உறவு என்றால் 'கெஸ்ட்' என்று தனி வை-ஃபை போட்டுக் கொடுங்கள், வேலை முடிந்ததும் அணைத்துவிடலாம்.

இன்னும் ஹாட்ஸ்பாட்டில்தான் ஓட்டுகிறோம் என்பவர்களுக்கு: மடிக்கணினி செல்போன் நெட்டைக் கண்டதும் விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள டேட்டாவை இழுக்கும். ஒரு நாள் டேட்டா அரை மணியில் தீர்ந்துபோவது பல நேரம் இதனால்தான். வை-ஃபை அமைப்பில் அந்த ஹாட்ஸ்பாட்டின் பெயரை அழுத்தி 'மீட்டர்டு கனெக்‌ஷன்' என்பதை ஆன் செய்தால் பெரும்பாலும் நிற்கும். வீட்டு ஃபைபரில் இது தேவையில்லை, அங்கே புதுப்பிக்க விடுங்கள். விண்டோஸ் 7 போட்ட பழைய மடிக்கணினிக்கு 2020 ஜனவரியோடு புதுப்பிப்பு நின்றுவிட்டது. அதில் பாடம் படிக்கலாம், பேங்க் வேலை வேண்டாம்.

கடைசியாக, இடி மின்னல். ஃபைபர் என்பது கண்ணாடி இழை, அதன் வழியாக மின்சாரம் பாயாது. ஆபத்து கரண்டு பிளக் வழியாகத்தான் வரும். மழை கட்டும்போதே ரௌட்டர் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். சாதாரண மின்வெட்டுக்கு, ரௌட்டருக்கென்றே விற்கிற சின்ன யு.பி.எஸ். போதும். 2018 நவம்பரில் கஜா புயல் கம்பங்களைச் சாய்த்தது போல ஒன்று வந்தால் கம்பத்தில் போகிற கேபிளும் சேர்ந்துதான் போகும். அதனால் செல்போனில் கொஞ்சம் ரீசார்ஜ் எப்போதும் இருக்கட்டும்.