கருக்காய்க்கு எல்லாம் பூச்சி காரணமல்ல

கதிர் தலை சாயாமல் நிமிர்ந்தே நிற்கிறது. உருவிப் பார்த்தால் பதர். உடனே பூச்சிமருந்துக் கடைக்கு ஓடாதீர்கள். நாலைந்து பதரை உரித்துப் பாருங்கள். உமியில் பழுப்புப் புள்ளி இருந்தால், கதிர் நாவாய்ப்பூச்சி பாலை உறிஞ்சியிருக்கலாம். புள்ளி இல்லை, உள்ளே சூலகம் பூத்த அன்று இருந்தபடியே கிடக்கிறது என்றால், அங்கே கருவே கூடவில்லை. வெயில் நாளில் பூத்த பயிரானால், மகரந்தம் பழுதானது என்று சந்தேகிக்கலாம்.

ஒரு நெல்மணிக்கு இரண்டு விந்து செல்கள் வேண்டும். ஒன்று முட்டையுடன் சேர்ந்து முளைக்கருவாகிறது. மற்றது மையச் செல்லுடன் சேர்ந்து, நாம் உண்ணும் அரிசியாகிறது. இரண்டும் மகரந்தத் தூளுக்குள் ஒரே செல் பிரிந்து உருவாகின்றன.

அந்தச் செல் பிரியாதபடி சில புரதங்கள் பிரேக் போலப் பிடித்து வைத்திருக்கும். நேரம் வந்ததும் அவற்றின் மேல் யுபிக்விடின் என்ற சிறு புரதம் சீட்டுப்போல ஒட்டப்படும். சீட்டு ஒட்டியவற்றை புரோட்டியாசோம் என்ற அமைப்பு துண்டு துண்டாக்கிவிடும். யுபிக்விடின் வழியைக் கண்டறிந்த மூவர் 2004-ல் வேதியியல் நோபல் பரிசு பெற்றனர். கடுகுக் குடும்பத்து அராபிடாப்சிஸ் செடியில் நடந்த ஆய்வு 2008-ல் வெளியானது. சீட்டு ஒட்ட உதவும் ஒரு புரதம் இல்லாதபோது செல் பிரியவில்லை. ஒற்றை விந்து செல்லே மிஞ்சியது. அது முட்டையுடன் சேர்ந்தும் விதை முற்றாமல் அழிந்தது.

வெப்பத்தில் உருக்குலையும் புரதங்களை அகற்றுவதும் இதே புரோட்டியாசோம்தான். ஆப்பிரிக்க நெல் வெப்பம் தாங்க அதன் புரோட்டியாசோமில் உள்ள ஒரு மாற்றம் உதவுகிறது என்று 2015-ல் சீன விஞ்ஞானிகள் காட்டினர்.

நீங்கள் இப்போதே செய்யக்கூடியவை:

* பூக்கும் நேரத்தில் 35 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஒரு மணி நேரம் நீடித்தாலே பதர் கூடும். அதற்கு 10 நாள் முன்பு, மகரந்தம் உருவாகும் கட்டமும் அப்படித்தான்.
* பூத்து ஏறக்குறைய 30 நாளில் அறுவடை. 110 நாள் ரகம் 80-ஆம் நாள் வாக்கில் பூக்கும். கடும் வெயிலில் பூக்காதபடி பின்னோக்கிக் கணக்கிட்டு விதையுங்கள்.
* இந்த இரு கட்டங்களிலும் வயலைக் காயவிடாதீர்கள். தேங்கிய நீர் பயிரைக் குளிர்விக்கும்.
* பூக்கும் நாட்களில் காலை 9 மணி முதல் மதியம் வரை மருந்து தெளிக்காதீர்கள். அவசியமானால் மாலையில் தெளியுங்கள்.

பதராகிவிட்ட மணியை எந்த மருந்தும் அரிசியாக்காது. அடுத்த பட்டத்தின் விதைப்புத் தேதி உங்கள் கையில் இருக்கிறது.