சாரலுக்கு முந்திய இரு மாதங்கள்

குற்றாலம் என்றவுடன் வெளியூர் அன்பர்களுக்குச் சாரலும் அருவியுமே நினைவுக்கு வரும். ஆனால், தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியே வீசத் தொடங்கும் வரையில், தென்காசி வட்டாரத்தில் வசிக்கும் நமக்குச் சித்திரையும் வைகாசியும் கடுமையான மாதங்களே. கோடைமழை வாய்க்காத ஆண்டுகளில் பேரருவி பாறையோடு ஒட்டி மெலிந்துவிடும். சிற்றாற்றில் மணல் தெரியும். இக்காலத்தில் நோயில் விழும் நெசவாளிக்குத் தறி நிற்கிறது. உழவனுக்குத் தண்ணீர் பாய்ச்சும் முறை தவறுகிறது. கூலியைப் பொருளாக எண்ணும் நாம், அக்கூலியை ஈட்டித் தரும் தேகத்தையும் ஒரு மூலதனமாக எண்ண வேண்டியிருக்கிறது.

ஆயுர்வேத நூல்கள் ஆண்டை ஆறு பருவங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் உணவும் ஒழுக்கமும் வகுத்துள்ளன. வாக்படர் இயற்றிய அஷ்டாங்க ஹிருதயத்தில் சூத்திரஸ்தானத்தின் மூன்றாம் அத்தியாயம் முழுவதும் இதற்கென்றே அமைந்தது. அதன்படி வசந்த ருதுவில், குளிர்காலத்தில் சேர்ந்த கபம் சூரிய வெப்பத்தால் இளகி, பசித்தீயை மந்தமாக்கும். அடுத்து வரும் கிரீஷ்ம ருதுவில் உடலின் நெய்ப்பு வற்றி வறட்சி மிகுந்து, வாதம் மெல்லச் சேரத் தொடங்கும். “உடம்பு சூடு” என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம்; நூல்களோ சூட்டைவிட வறட்சியைப் பற்றியே அதிகம் கவலைப்படுகின்றன. நெசவாளருக்கு இது எளிதில் விளங்கும். காற்று வறண்டால் முதலில் அறுவது பாவு நூலன்றோ?

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். தமிழர் வழக்கில் சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனியும் ஆடியும் முதுவேனில். ஆனால் முதுவேனில் எனப்படும் அவ்விரு மாதங்களில்தான் நம் ஊரில் சாரல் பொழிகிறது. நூலில் உள்ள மாதக் கணக்கை அப்படியே பின்பற்றி, ஆனியில் குளிர்ந்த பானகமும் மோருமாகப் பருகிக்கொண்டிருந்தால் சளியும் மூட்டுவலியும் வருவதில் வியப்பில்லை. நமக்குச் சித்திரையின் முற்பகுதி வசந்தம். அக்கினி நட்சத்திரம் வரும் பிற்பகுதியும் வைகாசியும் கிரீஷ்மம். மாதப் பெயரைப் பாராமல் வானத்தைப் பார்த்து நடப்பதே முறை.

சித்திரை முதல் நாளில் நம் வீடுகளில் வேப்பம்பூப் பச்சடி வைப்பதைச் சடங்காக மட்டும் கருதுவோர் பலர். வசந்தத்தில் கைப்பும் துவர்ப்பும் கபத்தைத் தணிக்கும் என்பது நூற்கருத்து. பச்சடி அதற்கு மிகவும் பொருந்துகிறது. குற்றாலத்துச் சித்திரை விசுத் திருவிழாவுக்குப் போய் வருவோர், திருவிழாக் கடைப் பலகாரங்களைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வதும் அந்த வழியைச் சேர்ந்ததே. எண்ணெயில் பொரித்தவை, புளித்தவை, நாள்பட்ட மாவுப் பண்டங்கள் ஆகியவை இப்போது எளிதில் செரிக்கா.

ஒரு பருவம் முடியும் கடைசி ஏழு நாட்களையும் அடுத்த பருவத்தின் முதல் ஏழு நாட்களையும் ருதுசந்தி என்று வாக்படர் குறிப்பிடுகிறார். அந்தப் பதினான்கு நாட்களில் பழைய பழக்கத்தைச் சிறிது சிறிதாக விட்டுப் புதியதைச் சிறிது சிறிதாக ஏற்க வேண்டும். திடீரென மாற்றினால் நோய் வரும் என்கிறார். இக்கால உடலியல் அறிஞரும் ஏறக்குறைய இதையே கூறுகின்றனர். வெயிலில் உழைக்கும் உடல் அவ்வெப்பத்துக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரங்கள் ஆகின்றன. அதற்குள் வியர்வை விரைவில் சுரக்கவும், வியர்வையோடு வெளியேறும் உப்புக் குறையவும் உடல் கற்றுக்கொள்கிறது. ஆகையால் நீண்ட நாள் நிழலில் இருந்தவர், ஊருக்கு வந்த மறுநாளே முழுநாள் வரப்பு வெட்டப் புறப்படுவது அறிவுடைமை ஆகாது. முதல் நாட்களில் பாதி வேலையே போதும்.

நெசவாளரின் சங்கடம் தனி. நூல் ஈரப்பதத்தை இழக்காதிருக்கச் சன்னலைச் சாத்தினால் அறை புழுங்குகிறது. திறந்தால் அனல் காற்றில் இழை அறுகிறது. நம் முன்னோர் தறியைக் குழியில் அமைத்ததற்கு மண்ணின் ஈரமும் ஒரு காரணம். குழியைச் சுற்றித் தரையில் நீர் தெளித்து, மேற்குச் சன்னலில் நனைத்த கோணியோ வெட்டிவேர்த் தட்டியோ கட்டினால் நூலுக்கும் ஆளுக்கும் ஒருங்கே நன்மை உண்டு. ஆயினும் எதிர்ச்சுவரில் காற்றுப் போக வழி இருத்தல் வேண்டும். ஈரம் மட்டும் மிகுந்து காற்றோட்டம் இல்லாவிடில் வியர்வை உலராது, உடலும் குளிராது. பாவுக்குக் கஞ்சி போடும் வேலையை அதிகாலையில் முடிப்பது பழைய வழக்கந்தான். நெய்தலையும் காலை, மாலை என இரு பொழுதாகப் பிரித்துக்கொள்ளலாம். பகலுறக்கத்தை வசந்தத்தில் விலக்கும் நூல், கிரீஷ்மத்தில் அதை அனுமதிக்கிறது. நடுப்பகலில் அரைமணி நேரம் கண்ணயர்பவரைச் சோம்பேறி என்று யாரும் ஏசத் தேவையில்லை.

பருகுவனவற்றில் நமக்குக் குறைவே இல்லை. புளியங்குடி எலுமிச்சை, தேரிக்காட்டுப் பதநீர், நுங்கு, வெள்ளரி, நன்னாரி வேர் ஊறிய நீர் என்று கடைகளில் விற்கும் வண்ணச் சோடாக்களைவிடச் சிறந்தவை பல இருக்கின்றன. இரவில் நீரூற்றிய சோற்றைச் சின்ன வெங்காயத்தோடு காலையில் உண்டு புறப்படும் உழவர், விலை உயர்ந்த எந்தப் பானத்தையும் தேட வேண்டியதில்லை. மோர் புளிக்காததாகவும் நீர் மிகுந்ததாகவும் இருக்கட்டும்.

உப்பைப் பற்றி மட்டும் நூலை எழுத்துக்கு எழுத்துக் கொள்ளலாகாது. கிரீஷ்மத்தில் உப்பு, புளி, காரம் மூன்றையும் குறைக்கச் சொல்கிறது நூல். கூடவே உடலுழைப்பையும் குறைக்கச் சொல்கிறது. உழைப்பைக் குறைக்க இயலாத நாம் உப்பை மட்டும் குறைத்தால் தசை பிடிப்பும் மயக்கமும் வரும். ஆகையால் வியர்வை சிந்துவோர் மோரில் சிறிது உப்பிட்டே பருகுக. வயிற்றுப்போக்கு ஏற்பட்டால், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சிறுகச் சிறுகக் கொடுக்கலாம். நீரிழிவு உள்ளோர் பதநீரையும், சிறுநீரக நோயுள்ளோர் இளநீரையும், இரத்த அழுத்தமுள்ளோர் உப்பிட்ட மோரையும் வைத்தியரைக் கேட்டே அருந்த வேண்டும். இயற்கைப் பொருளானால் யாவர்க்கும் ஆகும் என்ற எண்ணம் தவறானது.

நல்லெண்ணெய் தேய்த்து வாரம் ஒருமுறை முழுகுவது வறட்சிக்கு நல்ல மருந்து. அதைக் காலையிலேயே முடித்துவிட வேண்டும். முழுகிய அன்று வெயிலில் அலையலாகாது. குற்றாலநாதருக்கே அருவிக் குளிர்ச்சியால் தலைவலி வராதிருக்க மூலிகைத் தைலம் சாத்திக் கஷாயம் நிவேதிக்கும் வழக்கம் உண்டு. குளிர்ச்சிக்கும் ஓர் அளவு உண்டென்பதை இந்த ஊர் நெடுங்காலமாக அறிந்திருக்கிறது போலும்! வயலிலிருந்து கொதிக்கும் உடலோடு வந்து நேரே அருவியில் தலை கொடுக்காமல், நிழலில் இருந்து வியர்வை ஆறிய பின் குளிப்பதே நல்லது.

கோடையில் அருவி மெலிந்திருக்கிறதென்று நம்புவதும் ஆபத்து. 2024ஆம் ஆண்டு மே 17ஆம் நாள், வைகாசித் தொடக்கத்தில், மலைமேல் பெய்த மழையால் பழைய குற்றால அருவியில் திடீரென வெள்ளம் பாய்ந்து மாணவர் ஒருவரின் உயிரைக் கொண்டுபோயிற்று. மேற்கே மலை கறுத்திருந்தாலும், நீர் கலங்கி வந்தாலும், காவலர் சொல்லும் வரை காத்திராமல் குழந்தைகளோடு விலகிவிட வேண்டும்.

வெயிலின் தாக்குதலை இனி அற்பமாக எண்ணுவதற்கில்லை. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறந்தோர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணமும் வகுத்தது. வேலைக்காட்டில் ஒருவர் பேச்சுக் குழறினாலோ, நினைவு தடுமாறினாலோ, உடல் அனலாய்க் கொதித்தாலோ அது சாதாரண மயக்கமன்று. அப்போது கஷாயம் தேடிக்கொண்டிருக்கலாகாது. உடனே நிழலில் கிடத்தி, உடையைத் தளர்த்தி, உடல் முழுதும் நீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108 வண்டியை அழைக்க வேண்டும். நினைவற்றவர் வாயில் எதையும் ஊற்றலாகாது.

நமது சங்கங்கள் செய்யத்தக்கவையும் சில உண்டு. நூல் வழங்குவதையும் துணி வாங்குவதையும் காலை பத்து மணிக்குள் முடித்துவிட்டால், அங்கத்தினர் உச்சி வெயிலில் தலைச்சுமையோடு நடக்க நேராது. எலுமிச்சையும் வெள்ளரியும் விளைக்கும் அங்கத்தினரிடமே அவற்றை வாங்கிச் சங்க வாயிலில் நீர்மோர்ப் பந்தல் அமைக்கலாம். சித்திரையில் கட்டும் அப்பந்தலை, முதற்சாரல் விழுந்த பின் ஒரு வாரம் வரை பிரிக்காமல் வைத்திருந்து, மோரைக் குறைத்துச் சுக்குநீரைக் கூட்டிக்கொண்டே வரலாம்.